பென்சில் முறிந்த வகுப்பு

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊரில் படித்தவர்கள் சிலர் சேர்ந்து ஞாயிறுதோறும் விழிப்புணர்வு உரை நடத்துகிறோம். ‘உங்களுக்காக நான் இருக்கிறேன்’ என்று மேடையில் முழங்குபவரிடம் சனங்கள் மயங்கிவிடுகிறார்கள். எங்கள் உரைக்கு ஆளே வருவதில்லை. நல்ல பாடத்திட்டம் ஒன்று சொல்வீர்களா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,
உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ‘மயங்கிவிடுகிறார்கள்’ இருக்கிறதே, அதை முதலில் விடுங்கள். தங்களை ஏமாளிகள் என்று நினைக்கும் ஒருவர் முன்னால் யார் வந்து உட்காருவார்கள்?

பாடத்திட்டம் கிடக்கட்டும். சில நாட்களாகவே ஜான்ஸ் தீவு வகுப்பு மனதில் ஓடுகிறது. அமெரிக்காவின் தென் கரோலைனாவில் வெள்ளைக்கார விவசாயிகளின் காவலன் என்று சொல்லி 1890இல் ஆளுநரானவர் பென் டில்மன். அவர் முன்னின்று கொண்டுவந்த 1895 அரசியலமைப்பு கறுப்பர்களின் ஓட்டைப் பறித்தது. ஓட்டுப் போடப் பதிவு செய்ய, அந்த அரசியலமைப்பில் எந்தப் பிரிவைக் காட்டினாலும் வாசித்து எழுத வேண்டும். இல்லையேல் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும்.

அந்தத் தடையைத் தாண்டி ஓட்டுரிமை பெறக் கறுப்பர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க, அதே மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் 14 பேரோடு வகுப்பு தொடங்கியது. இடம், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறை. வெள்ளையர் கண்ணில் படாதிருக்க முன்னால் மளிகைக் கடை. வயல் வேலை குறைந்த குளிர்காலத்தில் வாரம் இரண்டு இரவு, இரண்டிரண்டு மணி நேரம். சொல்லிக்கொடுத்த பெர்னிஸ் ராபின்சன் அழகு நிலையம் நடத்தியவர். பள்ளி ஆசிரியர் வேண்டாம் என்று யோசித்தே அவரைப் பிடித்தார்கள். வாத்தியார் என்றால் மேலிருந்து பேசும் பழக்கம் வந்துவிடும்.

முதலில் சிறு பிள்ளைகளின் பாடங்களைக் கொண்டுபோனார். வளர்ந்தவர்களுக்கு அது அவமானம் என்று உடனே தெரிந்தது. தூக்கி வைத்துவிட்டு, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். அட்டையில் பெயரை எழுதித் தந்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதவைத்தார். மண்வெட்டி பிடித்த கை அழுத்தியதில் பென்சில்கள் முறிந்தன. முறியட்டும், வேறு பென்சில் கொடுத்தால் போயிற்று. அரசியலமைப்புப் பிரிவுகளும் அதே மேசைக்குத்தான் வந்தன.

இந்தப் படிவத்தை நீங்கள் சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். நம்மூரில் படிவத்தை நிரப்பித் தருகிறவர் கட்சிக்காரர். அந்த நன்றிக்கடன்தான் தேர்தலில் ஓட்டாகிறது. அதைத் தானே நிரப்பத் தெரிந்த அம்மாவிடம் அவர் எதைச் சொல்லிக் காட்டுவார்?

அடுத்த ஞாயிறு மைக்கை எடுக்காதீர்கள். முதியோர் உதவித்தொகைப் படிவம் ஒரு கட்டு, இருபது பென்சில், ஒரு நீள மேசை போதும். எல்லாவற்றுக்கும் முன்னால், என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை நீங்கள் பேசாதீர்கள்.