தோட்ட வேலைக்கு 30,000 ரூபாய் எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு வயது 23. அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 60 சதவீதம். பெயரை மட்டும் எழுதுவான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு நர்சரியில் வேலைக்கு விட்டோம். ‘ஒரே செடிக்கு ஊற்றிக்கொண்டே நிற்கிறான்’ என்று ஆறாம் நாள் அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒருவர், பழைய வீட்டை ஓட்டலாக்கிய இடத்தில் தோட்ட வேலை வாங்கித் தருகிறேன் என்று 30,000 கேட்கிறார். முதல் மூன்று மாதம் பயிற்சி, சம்பளம் இல்லையாம். காப்பாளர் சான்றிதழும் தானே எடுத்துத் தருவாராம். கொடுக்கலாமா?
— ஒரு தாய், தேவகோட்டை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. வேலை கிடைக்காதது உங்கள் பிரச்சினை இல்லை. கிடைத்த வேலையில் அவரை நிலைக்க வைக்க ஆள் இல்லாததுதான் பிரச்சினை. அதை இந்தத் தரகர் தீர்க்கப்போவதில்லை.

ஒரே செடிக்கு ஊற்றிக்கொண்டு நின்றாரே, அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. ‘தண்ணீர் ஊற்று’ என்றால் நமக்கு ஒரே வேலை, அவருக்கு அது ஆறேழு வேலை. எங்கே தொடங்குவது, எவ்வளவு ஊற்றுவது, எப்போது அடுத்த தொட்டிக்கு நகர்வது, எங்கே நிறுத்துவது என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். இப்படிச் செய்து பாருங்கள். காலையில் ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் ஒரு துணி கிளிப் மாட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் மக் ஒன்றை மட்டும் கையில் கொடுங்கள். ஒரு மக் ஊற்றியதும் கிளிப்பைக் கழற்றி இடுப்புப் பையில் போட வேண்டும். கிளிப் இருக்கிற தொட்டிக்கு மட்டும் ஊற்ற வேண்டும், கிளிப் தீர்ந்தால் வேலை முடிந்தது. எண்ணத் தெரிய வேண்டியதே இல்லை. மழை பெய்த நாளில் கிளிப் மாட்டாமல் விட்டால் போதும்.

நாற்றுக் கவர் நிரப்புவதைக் கடைசிப் படியிலிருந்து பழக்குங்கள். கலவை இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம். முதல் சில நாள் நிரப்புவதும் தட்டுவதும் பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும், நிரம்பிய கவரை வரிசையில் வைப்பது மட்டும் உங்கள் மகன். அது கைவந்ததும், கவரைத் தரையில் இரண்டு முறை தட்டுவதைச் சேருங்கள். மண்ணை அள்ளிப் போடுவதைக் கடைசியாகத்தான் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் வேலை அவர் கையில் முடிகிறது, அதனால் சலிப்பு வராது. தட்டாமல் விட்டால் அடி மூலையில் காற்று நிற்கும், தண்ணீர் ஊற்றியதும் மண் இறங்கி வேர் வெளியே தெரியும். மேலே ஒரு அங்குலம் காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் வழிந்தோடிவிடும். கோடு போட்ட ஒரு குச்சியை உள்ளே நிறுத்திப் பார்த்தால் அவருக்கே அளவு தெரிந்துவிடும். களை எடுப்பதை இப்போதைக்குத் தர வேண்டாம். நாற்றும் களையும் ஒரே பச்சை.

இதற்குத்தான் வேலை இடத்திலேயே உடன் நிற்கும் பயிற்றுநர் தேவை. முதல் வாரம் பக்கத்தில், இரண்டாம் வாரம் பத்தடி தள்ளி, மூன்றாம் வாரம் பாதி நேரம் மட்டும். அப்புறம் நர்சரியில் ஒரே ஒருவர்தான் அவருக்கு வேலை சொல்ல வேண்டும். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் மறுபடி ஆறாம் நாள் கதைதான். செலவழிக்கக் கையில் பணம் இருந்தால், அவருடைய பழைய சிறப்புப் பள்ளி ஆசிரியரை மூன்று வாரம் உடன் அனுப்பக் கொடுங்கள்.

சம்பளமில்லாப் பயிற்சிக்கு ஒப்பவே வேண்டாம். மூன்று மாதம் முடிந்ததும் ‘சரிப்பட்டு வரவில்லை’ என்று அனுப்பிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூட்டி வருவார்கள். அரை நாள் வேலையென்றால் அரை நாள் கூலி, முதல் நாளிலிருந்தே, எழுத்தில்.

அடுத்து காப்பாளர் சான்றிதழ், அதாவது மகனுக்காகச் சட்டப்படி முடிவெடுக்க இன்னாருக்கு உரிமை உண்டு என்று தரும் தாள். 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோரும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள், அது உண்மை. ஆனால் நர்சரி வேலைக்கு அது எதற்கு? 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரே மனுக் கொடுக்கலாம். அவரவர் மாவட்டத் தலைநகரில்தான் கொடுக்க வேண்டும்: நீங்கள் சிவகங்கைக்குப் போக வேண்டும், கோனாபட்டு, ராயவரம் பக்கத்தார் புதுக்கோட்டைக்கு. காப்பாளராக ஆனவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். அந்த இடத்தில் தரகருக்கு என்ன வேலை? வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டு வராதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும் கட்டணம் கிடையாது.

வங்கியில் ‘காப்பாளர் சான்றிதழ் இல்லாமல் கணக்குத் திறக்க முடியாது’ என்பார்கள். ‘இது என் சம்பளம், என் கணக்கு’ என்று உங்கள் மகனுக்குப் புரிகிறது, பெயரும் எழுதுகிறார், அப்படியானால் அவர் பெயரிலேயே கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிக்கும் மற்றவர்க்கு நிகரான சட்டத் தகுதி தருகிறது. சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் கவுண்டருக்குக் கவுண்டர் இதை விளக்க வேண்டியிருக்கிறது!

ஒன்றை மட்டும் சான்றிதழில் கண்ணாடி போட்டுப் பாருங்கள். ‘அறிவுசார் குறைபாடு’ வேறு, ‘கற்றல் குறைபாடு’ வேறு. பின்னது எழுத்து, எண் சார்ந்த சிக்கல். அறிவுத்திறன் சாதாரணமாகவே இருக்கும். 2016 சட்டத்தில் இரண்டும் தனித்தனி வகை. 1999 சட்டமோ ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும்தான். பேச்சுவழக்கில் இரண்டையும் குழப்பி, விண்ணப்பத்தில் ‘கற்றல் குறைபாடு’ என்று யாராவது நிரப்பிவிட்டால் காப்பாளர் மனு தள்ளிப்போகும். திருத்த மறுபடி மருத்துவக் குழு, மறுபடி வரிசை. உங்கள் தாளில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

வலிப்பு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கிணற்றடி, ஊருணிக் கரை, அரிவாள் எதுவும் வேண்டாம். வலிப்புக்குத் தரும் டோபிரமேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு வியர்வை குறையலாம், வெயிலில் உடம்பு சட்டென்று கொதிக்கும். நம் செம்மண் வெயிலுக்கு எல்லோருக்குமே காலை பத்தரையோடு முடிப்பது நல்லது. பூச்சிமருந்துப் பக்கம் யாருக்கும் வேண்டாம்.

அந்த நர்சரிக்காரரிடமே இன்னொரு முறை போங்கள். காலை 7 மணி, 40 தொட்டி, 40 கிளிப், கூடவே ஆசிரியர். ஒரு வாரம் மட்டும் கேளுங்கள்.