வால்வை மூடினால் புகை எந்த வழியாகப் போகும் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: “செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் ஏற்கெனவே ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் (புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் பைப்) மாட்டியிருக்கிறார்கள். சத்தம் தாங்க முடியவில்லை. ரிமோட் வால்வு வைத்தால் குறையுமா? எந்த வால்வு வாங்கலாம்?”

குறையும். ஆனால் எந்த வால்வு என்பது மூன்றாவது, நான்காவது கேள்வி. வால்வு சத்தத்தை விழுங்காது. அது வாய்க்கால் மடை மாதிரி. மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த வாய்க்காலில் திரும்பும். அடுத்த வாய்க்காலே வெட்டவில்லை என்றால் வரப்புதான் உடையும். உங்கள் காரில் அந்த இரண்டாவது வழி இருக்கிறதா, அதில் உருப்படியான சைலன்சர் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் எவ்வளவு குறையும் என்பதை அந்த சைலன்சர்தான் முடிவு செய்யும்.

கார் எது என்று நீங்கள் சொல்லவில்லை. நாலு சிலிண்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன், ஏனென்றால் என்னுடையது அதுதான்: 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ. நானும் உங்களைப் போல செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன். முந்தைய ஓனர் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) மட்டும் விட்டுவைத்து, அதற்குப் பின்னால் இருந்ததையெல்லாம் அறுத்து எடுத்துவிட்டு நேர் பைப் போட்டிருந்தார். இங்கேயே கமென்ட்டில் சிலர் “பந்தா காட்ட சைலன்சரைக் கழற்றிவிட்டு இப்போது அழுகிறான்” என்று எழுதுவார்கள். ஐயா, நான் கழற்றவில்லை. கேள்வி கேட்டவரும் கழற்றவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

நான் மில்லில் முதல் ஷிஃப்ட். விடிவதற்கு முன்பே வண்டியை எடுக்க வேண்டும். இந்த வகை எஞ்சின்கள் அதிகம் கத்துவதே அந்த நேரத்தில்தான் என்பது பலருக்குத் தெரியாது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காக ஈசியு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஐடிலிங் வேகத்தை ஏற்றி வைக்கும், இக்னிஷன் டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தையும், தாமதப்படுத்தும். எரிதல் பைப் வரைக்கும் இழுபடும். ஒரு நிமிடம் போல அப்படி உறுமிவிட்டுத்தான் அடங்கும். நீங்கள் ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். மேல் வீட்டு ஆத்தா ஒருநாள் படியில் நிறுத்தி, “கண்ணு, உன்ற காரு எழுப்பி உட்டுச்சுன்னா அப்புறம் எனக்குத் தூக்கமே புடிக்கறதில்ல” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

முதலில் போன கடையில் (பெயர் வேண்டாம்) கேட்டது ஒரே கேள்விதான்: “ரிமோட் வேணுமா, பட்டன் வேணுமா?” நேர் பைப்பை நடுவில் வெட்டி, அதிலேயே ஒரு பட்டர்ஃபிளை வால்வைப் (பைப்புக்குள் தகடு திரும்பித் திறந்து மூடும் வகை) பற்றவைத்துவிட்டார்கள். வேறு வழியே கிடையாது. முழுதாக மூடினால் எஞ்சின் மூச்சுத் திணறும், அதனால் கொஞ்சம் இடைவெளி விட்டு மூடும்படி வைத்தார்கள். பலன், ஐடிலிங்கில் உறுமல் குறைந்து விசில் வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்க மறுத்தது. டர்போவுக்குப் பின்னால் அழுத்தம் தேங்கினால் அது எப்படிச் சுற்றும்? பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “சத்தம் கொறஞ்சுதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க சார்” என்றார்கள். பில்லும் கிடையாது.

சரியாகச் செய்து கொடுத்தது வேறு ஒரு பட்டறை. கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்கான காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் கார்களுக்கு பைப் வளைத்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவர். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கீழே படுத்துப் பார்த்துவிட்டு, “வால்வ விடுங்க, கம்பெனி சைலன்சர் எங்க?” என்றார். பழைய ஓனர் அதை எடைக்குப் போட்டிருந்தார். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடி, இதே மாடலின் பின் சைலன்சர் ஒன்றைப் பிடித்தேன். உள்ளே தட்டு உடைந்து கலகலக்கிறதா என்று குலுக்கிப் பார்த்து வாங்கினோம். ‘ஒய்’ வடிவில் பைப்பைப் பிரித்து, ஒரு கிளை கம்பெனி சைலன்சருக்குள், இன்னொரு கிளை வால்வு வழியாக நேரே வெளியே. ஆர்கான் வெல்டிங், எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப். வால்வு மூடியிருந்தால் புகை முழுவதும் கம்பெனி வழியில் போகும். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது மூச்சுவிட்ட வழி அது, அதனால் திணறல் என்ற பேச்சே இல்லை.

வால்வை மூடிவிட்டு மொபைல் ஆப்பில் அளந்தேன். ஆப் காட்டும் அளவை நம்ப வேண்டாம், மூடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். ஏறக்குறைய 10 டெசிபெல் குறைந்தது. பத்துதானா என்று நினைக்காதீர்கள். காதுக்கு அது பாதிச் சத்தமாகக் கேட்கும். ஃபோர்டு 2018 மஸ்டாங் ஜிடியில் கொண்டுவந்த அமைதி மோடும் இதைத்தான் செய்கிறது, 82 டெசிபெல்லில் இருந்து 72-க்கு. அந்த கம்பெனியின் பொறியாளர் ஒருவர் வீட்டிலிருந்து தன் மஸ்டாங்கை எடுத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட, அதில் பிறந்த யோசனையாம். அந்தக் காரில் ராத்திரி எத்தனை மணியிலிருந்து அமைதி என்று நேரமே குறித்து வைக்கலாம்.

எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். பட்டர்ஃபிளை தகடு தண்ணீர்க் குழாய் மாதிரி இறுக்கமாக அடைக்காது. ஓரத்தில் கொஞ்சம் கசியும், அந்தக் கசிவில் ஒரு கரகரப்பு இருக்கும். நெடுஞ்சாலையில் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் தலைக்குள் ‘ம்ம்ம்’ என்று குடையுமே, அதைத் தனியாகப் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சினில் 2,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 80 வெடிப்பு. இந்த 80 ஹெர்ட்ஸைக் கொல்ல, ஒரு முனை மூடிய கிளை பைப்பை வைப்பார்கள். ஆனால் 300 டிகிரிச் சூட்டுப் புகையில் கணக்குப் போட்டால் அந்தப் பைப் ஒன்றரை மீட்டர் நீளம் வரும். சின்னக் காருக்கு அடியில் எங்கே வைப்பது? கம்பெனி சைலன்சரின் அறைகள் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன.

மோட்டார் வால்வா, வாக்யூம் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையால் இயங்கும்) வால்வா? வாக்யூம் வகையில் பெரும்பாலானவை ஸ்பிரிங்கால் திறந்தே இருக்கும், எஞ்சின் ஓடினால்தான் மூடும். அதாவது ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில், உங்களுக்கு எப்போது அமைதி வேண்டுமோ அப்போதே, திறந்திருக்கும். டர்போ காரில் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறினால், எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் வாக்யூமும் இருக்காது, தனி டேங்கும் ஒருவழி வால்வும் வேண்டும். பிரேக்குக்கு பலம் தரும் வாக்யூம் குழாயில் (பிரேக் பூஸ்டர் ஹோஸ்) ‘டி’ இணைப்பு போட்டு எடுத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நான் மோட்டார் வகைதான் போட்டேன். ராத்திரி மூடிவிட்டு அணைத்தால் காலையில் மூடியபடியே ஸ்டார்ட் ஆகும். மோட்டாரை பைப்புக்குக் கீழே தொங்கவிடாமல் பக்கவாட்டில், சூடு தடுக்கும் தகட்டோடு வைக்கச் சொல்லுங்கள்.

கீழே தொங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் ஏரியாவுக்கு வந்து பார்க்கலாம். வேகத்தடை என்ற பெயரில் ஆளாளுக்கு ஒரு மேடு கட்டி வைத்திருக்கிறார்கள், தொங்கும் மோட்டார் அதில்தான் இடிக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.7 மீட்டர் அகலம் வேண்டும். எங்கள் தெருமுனையில் இருப்பது ஒரு முழ அகலத்தில் சுவர். வெள்ளைக் கோடு இல்லை, போர்டு இல்லை, விளக்கும் இல்லை. மழைக்காலத்தில் பைக்கில் வரும் பிள்ளைகள் விழுந்து எழுந்து போகிறார்கள். மனு கொடுத்தால் “அது நாங்க போட்டதில்லீங்க” என்கிறார்கள். யார் போட்டால் என்ன, இடிக்கலாமே? என் கார் சத்தத்துக்கு முகம் சுளித்தவர்களில் ஒருவர்கூட அந்த மேட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. சரி, அதை விடுவோம்.

சட்டம் பற்றி: வால்வை மூடி வைத்திருப்பதால் வண்டி சட்டப்படி சரியாகிவிடாது. கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சத்த அளவை மீறி ஓட்டினால் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். “ரிமோட்ல மூடிட்டேன் சார்” என்று சொல்லி யாரும் தப்பித்து நான் பார்த்ததில்லை. நான் திறப்பது டிராக்கில் மட்டும்தான். நீங்கள் டிராக்குக்கே போகாதவர் என்றால் வால்வுக்குக் கொடுக்கும் பணம் வீண். பழைய சைலன்சர் ஒன்றை வாங்கி நேராக மாட்டிக்கொள்ளுங்கள், செலவு பாதிக்கும் கீழே. “இதைத்தானே நாங்களும் சொன்னோம்” என்பவர்களுக்கு: நீங்கள் திட்டினீர்கள், எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை.

அப்படியும் வால்வு வைத்தே தீருவேன் என்றால் ஒன்று மட்டும். மாதக்கணக்கில் மூடியே வைத்தால் கரி படிந்து ஷாஃப்ட் இறுகி, மோட்டார் கருகும். வாரம் ஒருமுறை திறந்து மூடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ரிமோட்டை அமுக்கினாலே போதும், யாருக்கும் தொந்தரவு இல்லை.