அறுபதைத் தாண்டியபின் சைக்கிளில் ஊரைச் சுற்றுவதில் அப்படி என்ன சுகம்?

நிறைய இருக்கிறது. நான் மதுரைக்காரன், அதனால் மதுரையை வைத்தே சொல்கிறேன். கோயிலைச் சுற்றி சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காகச் சதுரமாகப் போகின்றன. பைக்கில் போனால் ஹாரன் சத்தத்தில் இதெல்லாம் மனதில் பதியாது, நடந்தால் முழங்கால் பாதியிலேயே மக்கர் பண்ணும். சைக்கிளில்தான் ஒரே காலையில் எல்லாவற்றையும் சுற்றி, நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்க முடியும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் வந்தன. விளக்குத்தூண் அவர் நினைவாக வைத்ததுதான். ஐம்பது வருஷம் அதைக் கடந்து போனவர்கள்கூட நின்று பார்த்திருக்க மாட்டார்கள்!

அப்புறம் பருத்திப்பால். வண்டிக்காரர் பித்தளைப் பானையிலிருந்து சூடாக ஊற்றித் தர, சைக்கிள் பாரில் சாய்ந்தபடி சுக்கு தொண்டையில் இறங்கக் குடிக்கும் அந்தச் சுகமே தனி.

சரி, கவனிக்க வேண்டியது: சீட்டை இறக்கி வையுங்கள், உட்கார்ந்தபடியே பாதம் தரையில் பட வேண்டும். குறுக்குப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் என்றால் ஏறி இறங்க இன்னும் சுலபம், ஆண்களும் தயங்காமல் வாங்கலாம். ஷேர் ஆட்டோக்கள் மொய்க்கும் முன், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.