அந்தச் சீட்டு அவருக்கு எழுதப்பட்டது

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. இரத்தப் பரிசோதனையில் உடலுறவால் தொற்றும் சிபிலிஸ் நோய் இருப்பது தெரிந்து, கிளினிக்கில் ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். கணவரும் கிளினிக்குக்கு வந்து சிகிச்சை பெறவேண்டும் என்று, அவரிடம் கொடுக்கும்படி சிஸ்டர் ஒரு சீட்டும் தந்தார். "அது பெண்கள் போகும் இடம், நான் வந்து என்ன செய்வது?" என்று அவர் மறுக்கிறார். எனக்குச் சிகிச்சை நடந்தால் போதாதா?
— வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: போதாது, சகோதரி. பென்சிலின் ஊசி இப்போதுள்ள கிருமியை அழிக்குமே தவிர, மறுபடி தொற்றாமல் தடுக்காது. கணவர் சிகிச்சை பெறாவிட்டால் நோய் உங்களுக்குத் திரும்பி வரலாம். கருவிலுள்ள குழந்தைக்கும் பரவி, குழந்தை இறந்தே பிறக்கும் அபாயமும் உண்டு. ஆகவே வாரம் ஒன்றாக மூன்று ஊசி என்று சொல்லியிருந்தால் ஒன்றையும் தவறவிடாதீர்கள். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உடலுறவைத் தவிர்ப்பது நல்லது.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. அறிகுறி ஏதுமின்றி ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கக்கூடிய நோய் இது. இதை முதலில் சொல்லிவிட்டுச் சீட்டைக் கொடுத்தால், அவர் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

அவருடைய தயக்கத்துக்குக் கிளினிக்குகளும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுவரெங்கும் தாயும் சேயுமான படங்கள், வேலை நாளின் பகல் பொழுதில் மட்டும் பார்வை நேரம், துணைக்கு வந்த ஆணை வெளியே நிற்கச் சொல்லும் வழக்கம் என்றிருந்தால், ஷிப்ட் வேலை செய்பவர் எப்படி வருவார்? ஆனால் அவர் உங்களுக்குத் துணையாக மட்டும் அழைக்கப்படவில்லை. அவரும் ஒரு நோயாளி. சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளோடு இரத்த அழுத்தத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவின் அரசுக் கிளினிக்குகளில் அடிப்படைச் சிகிச்சை 1996 முதல் இலவசம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பேறுகாலச் சேவைகளில் ஆண்களைச் சேர்க்கச் சொல்லும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை, அது பெண்ணின் விருப்பத்தையும் முடிவெடுக்கும் உரிமையையும் மதிப்பதாக இருக்கவேண்டும் என்கிறது. கணவருடன் வரும் பெண்களை வரிசையில் முந்தவிடும் வழக்கம் சில ஆப்பிரிக்க நாடுகளில் உண்டு. தனியாக வரும் பெண்ணை அது தண்டிப்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்தியைச் சொன்னால் கணவர் அடிப்பார் என்ற பயம் இருந்தால், சீட்டைக் கொடுக்குமுன் சிஸ்டரிடம் தனியே பேசுங்கள். அப்படியொரு பயம் இல்லையென்றால், உங்கள் கிளினிக்குக்கே வரவேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். வேலையிடத்துக்கு அருகிலுள்ள அரசுக் கிளினிக்கில் சீட்டைக் காட்டினாலும் சிகிச்சை தருவார்கள்.