இனி உங்கள் முறை: டர்ன்-பேஸ்டு கேம் கேள்விகளும் பதில்களும்

அண்மை ஆண்டுகளில் நன்றாக விற்ற டர்ன்-பேஸ்டு (ஆளுக்கொரு முறை மாறி மாறி ஆடுகிற) ஸ்ட்ராடஜி கேம்கள், ரோல்-பிளேயிங் கேம்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்தக் கதையின் முடிச்சையும் அவிழ்க்கவில்லை. இன்னும் விளையாடாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

கேள்வி: அண்ணா, ஆளுக்கொரு முறை காத்திருந்து அடிக்கிற கேம் எல்லாம் போன தலைமுறையோடு முடிந்தது என்றுதான் கேள்விப்பட்டு வளர்ந்தேன். இப்போது விருது, விற்பனை இரண்டுமே அவற்றுக்குப் போகிறதே. என்ன நடந்தது?

முடிந்தது என்று சொன்னவர்கள் போக்கிமானைக் கணக்கில் எடுக்கவில்லை. 1996-இல் தொடங்கிய அதன் முதன்மைத் தொடர் டர்ன்-பேஸ்டாகத்தான் வளர்ந்தது. 2022 நவம்பரில் வந்த 'போக்கிமான் ஸ்கார்லெட்', 'வயலட்' இரண்டும் சேர்ந்து முதல் மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. ஆக, ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். பெரிய பட்ஜெட்டில் கேம் எடுப்பவர்களுக்குத்தான் நம்பிக்கை போயிருந்தது. 'ஃபைனல் ஃபேன்டஸி' தொடரையே பாருங்கள்: 2001-இல் பத்தாம் பாகம் முறைப்படி ஆடுவது, 2023-இல் பதினாறாம் பாகம் முழு ஆக்‌ஷன்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. தெருச்சண்டைக்குப் பேர்போன 'யகுசா' தொடர் 2020-இல் டர்ன்-பேஸ்டாக மாறியது. அதன் நாயகன் இச்சிபான் சின்ன வயதிலிருந்தே 'டிராகன் குவெஸ்ட்' என்ற டர்ன்-பேஸ்டு தொடரின் ரசிகன். அதனால் சண்டை அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது என்று கதைக்குள்ளேயே காரணம் வைத்தார்கள். அதே வரிசையில் 2024 ஜனவரியில் வந்த 'இன்ஃபினிட் வெல்த்' ஒரே வாரத்தில் பத்து லட்சம் விற்றது.

அப்புறம் 'பால்டர்ஸ் கேட் 3'. பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் 2020 அக்டோபரிலேயே அரைகுறையாக இருந்த கேமை விற்பனைக்கு விட்டு, ஆடியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் செதுக்கி, 2023 ஆகஸ்டில் முழுசாகக் கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேல் விற்று, அந்த ஆண்டின் பெரிய விருதுகளை எல்லாம் அள்ளியது. அடுத்தது பிரான்ஸின் மான்பெல்லியே நகரத்து சாண்ட்ஃபால் இன்டராக்டிவ். முப்பது பேர் அளவிலான மையக் குழு, வெளியிலிருந்து உதவியவர்கள் வேறு. 2025 ஏப்ரலில் வெளியிட்ட 'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' மூன்று நாளில் பத்து லட்சம், அக்டோபருக்குள் ஐம்பது லட்சம்.

ஆனால் டர்ன்-பேஸ்டு என்றாலே விற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'மார்வெல்ஸ் மிட்நைட் சன்ஸ்' 2022 டிசம்பரில் வந்தது. வேற்றுக்கிரகவாசிகளோடு மோதும் எக்ஸ்காம் என்ற டர்ன்-பேஸ்டு கேமை எடுத்த அதே ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தின் கேம், சண்டை அமைப்பும் அருமை, விற்பனையில் ஏமாற்றம். என் கணிப்பில் வென்றவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: முடிவெடுப்பதற்கு முன் தெரியவேண்டியதை ஆடுபவரிடம் சொல்லிவிட்டு, பிறகு யோசிக்க விடுகின்றன. உங்கள் யோசனைக்கு மதிப்புத் தருகிற கேம் நிற்கும். பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும் என்கிற கேம் எந்த வகையாக இருந்தாலும் நிற்காது.

கேள்வி: 95 சதவீதம் என்று காட்டிவிட்டு அடி தவறுகிறது. எக்ஸ்காம், பால்டர்ஸ் கேட் இரண்டிலும் இதே கதை. கேம் ஏமாற்றுகிறதா சார்?

எக்ஸ்காமின் எளிய நிலைகளில் கேம் திரைக்குப் பின்னால் உங்களுக்குத்தான் உதவுகிறது. தொடர்ந்து தவறினால் அடுத்த குண்டு படும் வாய்ப்பைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். ஏமாற்றுவதுபோல் தோன்றக் காரணம் நம் மனசு. 95 என்றதும் அதை 'கட்டாயம்' என்று படித்துவிடுகிறோம். இருபது முறை 95 சதவீதத்தில் சுட்டால், அவற்றில் ஒன்றாவது தவறுவதற்கு ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பட்ட பத்தொன்பது மறந்துபோகும். தவறிய ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கும்.

இது தெரிந்துதான் 'ஃபயர் எம்ப்ளம்' தொடரின் பல பாகங்களில் ஒரு வேலை செய்தார்கள். ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண் எடுத்து, சராசரியை வைத்து முடிவு செய்வது. திரையில் 90 என்று இருக்கும், உண்மையில் கிட்டத்தட்ட 98. மறுபக்கம் 10 என்று காட்டுவது 2-க்குப் பக்கத்தில். நம் உள்ளுணர்வு எண்ணைப் படிக்கிற விதத்துக்குக் கணக்கையே வளைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த வடிவமைப்பு முடிவுகளில் இது முக்கியமானது.

பால்டர்ஸ் கேட் இருபது முகப் பகடையை உருட்டுகிறது. அடிக்கும்போது 1 விழுந்தால் என்ன செய்தாலும் தவறும். ஆக, சாதாரணமாக 95-க்கு மேல் போக வழியில்லை. 'அட்வான்டேஜ்' கிடைத்தால் பகடை இரண்டு முறை உருளும், பெரியது எடுக்கப்படும். 11 தேவைப்படும் இடத்தில் 50 சதவீதம் இருந்தது 75 ஆகிவிடும். மறைந்திருந்து அடிப்பது, கீழே விழுந்தவரைப் பக்கத்தில் நின்று அடிப்பது, 'ஃபேரி ஃபயர்' மந்திரம் எல்லாம் இதைத் தரும். முதல் லெவலிலேயே கிடைக்கும் 'பிளெஸ்' மந்திரம் மூன்று பேருக்கு ஒவ்வொரு அடியிலும் நான்கு முகப் பகடை ஒன்றைக் கூட்டுகிறது. சராசரியாகப் பன்னிரண்டரை சதவீத லாபம். புதியவர்கள் இதைத் தொடாமல் விட்டுவிட்டு, 60 சதவீத அடிகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். எந்த நிலையிலும் குறி தவறவே கூடாது என்றால் 'மேஜிக் மிசைல்' மந்திரம் இருக்கிறது.

செட்டிங்ஸில் 'கார்மிக் டைஸ்' என்று ஒன்று இருக்கும், தொடக்கத்திலேயே ஆன் ஆகியிருக்கும். தொடர் தோல்வியைத் தடுக்க அது உதவும். ஆனால் எதிரிக்கும் அதே உதவி கிடைக்கும். நான் அணைத்துவிட்டுத்தான் ஆடுவேன், நீங்களும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் அதிர்ஷ்டமே இல்லாத கேம் எது?

'இன்டு த பிரீச்', 2018. எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்று முன்கூட்டியே காட்டிவிடும், உங்கள் அடி தவறவே தவறாது. கட்டடங்கள் அடியைத் தாங்குமா என்பதில் மட்டும் சின்ன வாய்ப்புக் கணக்கு உண்டு. எதிரியைக் கொல்வதைவிட ஒரு கட்டம் தள்ளிவிடுவது மேல் என்று புரிகிற நொடியில் கேம் திறந்துகொள்ளும்.

கேள்வி: எக்ஸ்பெடிஷன் 33 கதைக்காக வாங்கினேன். எனக்கு 52 வயது. பாரி செய்ய விரல் வேகம் பத்தவில்லை. இது டர்ன்-பேஸ்டு என்று நம்பித்தான் வாங்கினேன் தம்பி.

விட்டுவிடாதீர்கள் சார், உங்களுக்கும் வழி இருக்கிறது. இந்தக் கேமில் எதிரியின் முறையிலும் நமக்கு வேலை உண்டு. அவன் அடிக்கும் கணத்தில் விலகலாம், சரியான நொடியில் தடுத்துத் திருப்பி அடிக்கலாம் (நீங்கள் சொல்லும் பாரி இதுதான்), சில அடிகளைத் தாண்டிக் குதிக்கலாம். உங்களைச் சோதிப்பது இந்த இடம்தான். முதலில் சிரம நிலையை 'ஸ்டோரி'க்கு மாற்றுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். விலகவும் தடுக்கவும் கிடைக்கும் நேரம் அங்கே கூடுதல், பிறகு வந்த அப்டேட்டில் இன்னும் நீட்டியிருக்கிறார்கள். நம் அடியின்போது வரும் பட்டன் சோதனையைத் தானாகவே நடக்கும்படி ஆக்ஸஸிபிலிட்டி பகுதியில் அமைத்துவிடலாம்.

அடுத்தது, தடுப்பதை மறந்து விலகுவதை மட்டும் பழகுங்கள், அதற்குக் கிடைக்கும் நேரம் பெரிது. விலகும்போது 'பெர்ஃபெக்ட்' என்று எழுத்து வந்தால், அந்த நொடியில் தடுத்திருந்தாலும் பலித்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். புது எதிரியிடம் இரண்டு மூன்று சுற்று அடி வாங்கினாலும் பரவாயில்லை, விலகி விலகி அவன் தாளத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணைவிடக் காது நம்பகமானது. ஆயுதம் ஓங்குவதுபோல் போக்குக் காட்டி நிறுத்துவார்கள், ஓசை பெரும்பாலும் அடியோடுதான் வரும்.

மூன்றாவதாக, யோசனையால் ஈடுகட்டுங்கள். திறன் தரும் 'பிக்டோ' என்ற அணிபொருள் ஒன்றை அணிந்து நான்கு சண்டை வென்றால் அதன் திறன் 'லூமினா'வாகக் குழு முழுவதற்கும் திறக்கும். கிடைக்கும் ஒவ்வொன்றையும் இப்படிச் சுழற்றிப் பழக்கிவிடுங்கள். இங்கே நேரம் போடுபவர்களுக்கு நடுக்கதையில் விரல் வேகம் பெரிதாகத் தேவைப்படாது. 'அஜிலிட்டி' (சுறுசுறுப்பு) ஏறினால் முறையும் அடிக்கடி வரும். ஆண்டுதோறும் ஒரு எண் குறைய, அந்த வயதுக்காரர்கள் எல்லாம் மறைந்துபோகிற அந்தக் கதைக்காக இவ்வளவும் செய்யலாம்.

கேள்வி: சிவிலைசேஷன் 6 இருக்கிறது. 7-க்கு மாறலாமா?

6-ஐ ஆடிச் சலித்திருந்தால் மட்டும். 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பாகம் ஆட்டத்தை மூன்று யுகமாக வெட்டியது. வெளியானபோது இருந்த அமைப்பில், யுகம் மாறும்போது நாகரிகமும் மாறும்: மௌரியராகத் தொடங்கி, சோழராகி, முகலாயராக முடிக்கலாம். தலைவர் மட்டும் மாறமாட்டார். ஒரே நாகரிகத்தைக் கற்காலத்திலிருந்து விண்வெளி வரை கொண்டுபோவதுதான் 1991-இலிருந்து இந்தத் தொடரின் உயிர் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. வெளியான புதிதில் வந்த கோபம் நியாயமானது என்பேன். திரை அமைப்பும் அப்போது தெளிவாக இல்லை. எந்தக் கட்டடம் ஏன் எவ்வளவு தருகிறது என்று தேடவேண்டியிருந்தது. ஸ்ட்ராடஜி கேமில் அது சின்னக் குறை இல்லை.

ஆனால் படைகளை ஒரு தளபதியின் கீழ் கட்டி ஒன்றாக நகர்த்தும் வசதி அருமை. தொழிலாளர்களை ஒவ்வொரு முறையும் மேய்க்கும் வேலையை எடுத்துவிட்டார்கள். போர்ப் பிரியர்களுக்கு 7 பிடிக்கும். பொறுமையாக நகரம் வளர்ப்பவர்கள் 6-இலேயே சுகமாக இருப்பார்கள்.

கேள்வி: மெட்டஃபர்: ரீஃபேன்டாஸியோவில் ஒரு பாஸிடம் (பெரிய எதிரியிடம்) மாட்டிக்கொண்டு நிற்கிறேன். லெவல் ஏற்றிக்கொண்டு வரவா?

வேண்டாம். முதலில் ஆர்க்கிடைப்பை, அதாவது உங்கள் ஆட்கள் ஏற்கும் போர் வகையை, மாற்றிப் பாருங்கள். வெளியான அன்றே பத்து லட்சம் விற்ற கேம் இது, 2024 அக்டோபர். இதை எடுத்த அட்லஸ் நிறுவனத்தின் 'பிரெஸ் டர்ன்' முறைதான் இதன் முதுகெலும்பு. எதிரியின் பலவீனத்தில் அடித்தால் பாதி முறைதான் செலவாகும். அடி தவறினால், அல்லது அவனுக்கு உறைக்காத தாக்குதலைச் செய்தால், ஒன்றுக்கு மேல் பறிபோகும். இதே விதி எதிரிக்கும் பொருந்தும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அவன் பயன்படுத்தும் தாக்குதலை ஒன்றுமில்லாமல் செய்யும் ஒருவர் உங்கள் அணியில் இருந்தால் அவன் முறைகள்தான் கரையும்.

ஊரில் தகவல் விற்பவர்களுக்குக் காசு கொடுங்கள், பாஸின் பலவீனம் தெரியும். மெலிந்தவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளுங்கள், அதற்கு முறை செலவாகாது. தொடக்கம் சொதப்பினால் சண்டையை உடனே மறுபடி ஆரம்பிக்கலாம், அந்த வசதியைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் பத்து வயது மகளோடு சேர்ந்து ஆட எது சரி?

போக்கிமான். அல்லது 2024-இன் 'டிராகன் குவெஸ்ட் 3' மறு ஆக்கம். அதில் 'டிராக்கி குவெஸ்ட்' என்ற எளிய நிலையில் நம் ஆட்கள் சாகவே மாட்டார்கள். 'பால்டர்ஸ் கேட் 3' பெரியவர்களுக்கானது, அது வேண்டாம்.

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ் பழைய கேம்தானே? திரும்ப வந்ததைக் காசு கொடுத்து வாங்கலாமா அண்ணா?

தாராளமாக வாங்கலாம். 1997-இல் வந்தது, 2025 செப்டம்பர் 30-இல் 'தி இவாலிஸ் க்ரானிக்கிள்ஸ்' என்று திரும்பியது. ஒன்று பழைய வடிவம், மற்றொன்று குரல் நடிப்போடு புதுப்பித்தது, இரண்டும் ஒரே பெட்டியில். 2007-இல் கையடக்கக் கருவிக்கு வந்த பதிப்பின் கூடுதல் வேலைகளும் (கேரக்டர்கள் ஏற்கும் போர்த் தொழில்கள்) கேரக்டர்களும் இதில் இல்லை, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். அரியணைச் சண்டையில் சிக்கிய ராம்சா, டெலிட்டா என்ற இரு நண்பர்களின் கதை இன்றைக்கும் கூர்மை மழுங்கவில்லை. ஒருவர் கற்ற வேலையின் திறனை இன்னொரு வேலைக்குக் கொண்டுபோகும் அமைப்பில் நாள் கணக்கில் மூழ்கிவிடலாம். சேவ்களை மட்டும் தனித்தனி இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்துச் சண்டை வரும் கோட்டைகளில் ஒரே சேவை நம்பிப் பழைய கேமில் சிக்கியவர்கள் ஏராளம்.

கேள்வி: ஒரு சண்டை தோற்றதும் லோட் செய்து மறுபடி ஆடுவது தப்பா?

உங்கள் கேம், உங்கள் நேரம், தப்பே இல்லை. எக்ஸ்காமில் மட்டும் வேலை செய்யாது. பகடையின் வரிசையும் சேவோடு பதிவாகிவிடும், அதே குண்டை அதே வரிசையில் சுட்டால் அதே முடிவுதான். வேறொருவரை முதலில் நகர்த்திப் பாருங்கள். பால்டர்ஸ் கேட்டில் எத்தனை முறையும் லோட் செய்யலாம். ஆனால் பேச்சுவார்த்தையில் பகடை கைவிட்டால் ஒருமுறையாவது லோட் செய்யாமல் தொடர்ந்து போங்கள். அந்தக் கேமில் தோல்விக்கென்றே நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள், வெற்றியை மட்டும் தேடுபவர்கள் அதைப் பார்க்காமலே போய்விடுவார்கள். அந்தப் பயிற்சி முடிந்தபின் 'ஹானர்' நிலைக்கு வாருங்கள். அங்கே ஒரே ஒரு சேவ்தான்.

கேள்வி: பழைய லேப்டாப், தினமும் அரைமணி நேரம். என்ன ஆடுவது?

'ஸ்லே த ஸ்பயர்', 'பலாட்ரோ', மேலே சொன்ன 'இன்டு த பிரீச்'. மூன்றுக்கும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. முதல் இரண்டும் சீட்டுக்கட்டு வகை. எதிரியின் அடுத்த அடி என்ன என்று தலைக்கு மேலேயே காட்டும் 'ஸ்லே த ஸ்பயர்' ஸ்ட்ராடஜிக்காரர்களுக்கு நெருக்கமானது, அதிலிருந்து தொடங்குங்கள்.