மறு: ‘ட்விஸ்டட்’ நாலு பாட்டுக்கு மேல் கேட்க முடியவில்லை

சகோ, ஹாலுசினோஜனின் 1995 கோவா டிரான்ஸ் (மின்னணு நடன இசை) ஆல்பமான ‘ட்விஸ்டட்’டை ஹெட்போனில் ஒரே மூச்சில் கேட்டு, “எல்லாம் ஒரே மாதிரி, காதும் வலிக்குது” என்கிறீர்கள். உங்கள் ரசனையில் குறை இல்லை.

கோவா டிஜேக்கள் அப்போது பெரும்பாலும் டேட் எனும் டிஜிட்டல் ஒலி நாடாவில்தான் ஓட்டினார்கள். பெரும்பாலான டேட் கருவிகளில் வேகத்தை மாற்றி, ஒரு பாட்டின் தாளத்தோடு அடுத்ததன் தாளத்தைச் சேர்க்க வழியில்லை. அதனால் இந்த வகைப் பாடல்கள் பெரும்பாலும் தாளமில்லாமல் தொடங்கி, மெல்ல ஏறி, தனியே அடங்கும். ஆடுபவருக்கு அது சுகம். எட்டுப் பாட்டை உட்கார்ந்து கேட்பவருக்குச் சலிப்புதான்.

ஹாலுசினோஜன் என்பது சைமன் போஸ்ஃபோர்டின் மேடைப்பெயர். அவர் பலம் ஒலிகளை அடுக்குவதில். ஃபில்டரை (ஒலியின் சில அலைவரிசைகளை வடிகட்டும் கருவி) திறந்து மூடியே ஒரு ஆசிட் வரியை, அதாவது நெளியும் சின்தசைசர் மெட்டை, பேசவைப்பார். ஆல்பத்தின் ‘எல்எஸ்டி’ பாட்டில் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், 8, 16 பாருக்கு (ஒரு பார் நாலு தட்டு) ஒருமுறை எது நுழைகிறது, எது விலகுகிறது என்று கவனியுங்கள். அபாரமான வேலை!

கோவா டிரான்ஸிலிருந்து வளர்ந்த இன்றைய சைட்ரான்ஸுக்குப் பழகிய காதுக்குக் கிக் (அடித்தாள டிரம்) மெலிவாகப் படும். அதற்காக வால்யூமை ஏற்றினால் ஃபில்டரின் கூர்மை காதைக் குத்தும். ஏற்றாமல், ஈக்யூவில் (ஈக்வலைசர்) 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2–3 டெசிபல் குறைத்து, 60 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டு போதும், அடுத்து அதே ஆல்பத்தின் ‘ஷாமானிக்ஸ்’.