கார் ஃபிரிட்ஜும் பேட்டரியும்: கேள்வி பதில்

கேள்வி: 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறேன். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் எத்தனை நாள் ஓடும்? (கோவை வாசகர்)

பதில்: ஃபிரிட்ஜின் மேல் எழுதியிருக்கும் 45 அல்லது 60 வாட் என்பது கம்ப்ரசர் ஓடும்போது இழுக்கும் அளவு. 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 4 முதல் 5 ஆம்பியர். ஆனால் கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடுவதில்லை. நிழலில் நிறுத்திய காரில் மணிக்கு இருபது நிமிடம் ஓடினாலே போதும். மே மாத வெயிலில் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிய காருக்குள் பாதி நேரத்துக்கு மேல் ஓடும். ஆகவே நாளொன்றுக்கு 35 முதல் 55 ஆம்பியர்-மணி (ஆம்பியரை ஓடிய மணி நேரத்தால் பெருக்கிய அளவு) வரை செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நாள்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை எடுக்கலாம். இரண்டு நாள் ஓடும். புறப்படுவதற்கு முந்தைய இரவே வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜைக் குளிர வைத்து, குளிர்ந்த பொருள்களையே உள்ளே அடுக்கினால் முதல் நாள் செலவு கணிசமாகக் குறையும்.

கேள்வி: பேட்டரியில் மீட்டர் 12.5 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் டிக்கியில் உள்ள ஃபிரிட்ஜ் நள்ளிரவில் "வோல்டேஜ் குறைவு" என்று நின்றுவிடுகிறது. ஃபிரிட்ஜ் பழுதா? (மதுரை வாசகர்)

பதில்: ஃபிரிட்ஜைக் குறை சொல்வதற்கு முன் ஒயரைப் பாருங்கள். என் காரிலும் இதே தொல்லை இருந்தது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையில் ஒரு முறையும், ஃபிரிட்ஜின் பிளக்கருகே ஒரு முறையும் அளந்தேன்; முன்னால் 12.5, பின்னால் 11.6. இடையில் தொலைந்த 0.9 வோல்ட் முழுவதும் மெல்லிய ஒயரில்தான் போயிருந்தது. கணக்கும் அதையே சொல்கிறது. பேட்டரியிலிருந்து டிக்கிக்கு ஐந்து மீட்டர் என்றால் போக வரப் பத்து மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.9 வோல்ட் குறையும், ஆறு சதுர மில்லிமீட்டரில் 0.15 வோல்ட்தான். கம்ப்ரசர் நின்றதும் வோல்டேஜ் மீண்டும் ஏறிவிடுவதால், நின்றபின் அளப்பவர்களுக்கு இந்தக் குறை தெரிவதே இல்லை. அதனால் ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போட்டுவிடுங்கள். சிகரெட் லைட்டர் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். அது சுட்டால் அங்கேயும் இழப்பு இருக்கிறது, உருகும் அபாயமும் இருக்கிறது.

கேள்வி: தனி பேட்டரி வாங்காமல், காரின் பேட்டரியிலேயே இரவு முழுவதும் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். சிறிய கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 முதல் 45 ஆம்பியர்-மணி பேட்டரி. ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் கொடுக்கவே அது செய்யப்பட்டது, மெதுவாக ஆழம் வரை வடிவதற்கு அல்ல. ஃபிரிட்ஜில் உள்ள பேட்டரிப் பாதுகாப்பை "குறைவு" நிலையில் வைத்தால் பல ஃபிரிட்ஜ்களில் பத்து வோல்ட்டுக்கு அருகில்தான் அது நிற்கும். அதற்குள் வண்டி ஸ்டார்ட் ஆகாத நிலை வந்துவிடும். தவிர்க்கவே முடியாவிட்டால் "உயர்வு" நிலையில் வையுங்கள்.

கேள்வி: கம்ப்ரசர் இல்லாத மலிவான கார் ஃபிரிட்ஜ் போதாதா?

பதில்: வெளி வெப்பத்தைவிட 20 டிகிரி அளவுக்குக் குறைவாகத்தான் அது குளிர்விக்கும். 38 டிகிரியில் பால் கெட்டுப்போகும். பெரும்பாலும் இடைவிடாமல் மின்சாரம் இழுப்பதால் பேட்டரிச் செலவும் கம்ப்ரசர் வகையைப்போல் இரு மடங்காகும்.

கேள்வி: பவர் ஸ்டேஷனில் (பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்த, தூக்கிச் செல்லும் பெட்டி) 230 வோல்ட் பிளக்கில் செருகுவதா, 12 வோல்ட்டில் செருகுவதா?

பதில்: 12 வோல்ட்டில். 230-க்கு மாற்றி, ஃபிரிட்ஜின் அடாப்டர் மறுபடி 12-க்கு இறக்கும்போது இரு முறையும் இழப்பு; கம்ப்ரசர் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: அம்மாவின் இன்சுலினை இதில் வைத்து லடாக் வரை கொண்டுபோக நினைக்கிறேன். பாதுகாப்பானதா? (சென்னை வாசகி)

பதில்: முடியும் அம்மா, ஆனால் கவனம் மிகவும் வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு முறை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது. ஃபிரிட்ஜின் பலகையில் 4 என்று காட்டினாலும் உட்சுவரை ஒட்டிய இடம் உறைநிலைக்கு இறங்கக்கூடும். எனவே மருந்தைத் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, சுவரைத் தொடாமல் நடுவில் வையுங்கள். அந்த டப்பாவுக்குள்ளேயே ஒரு தனி வெப்பமானியும் இருக்கட்டும். லடாக்கில் இரவுக் குளிர் வேறொரு சிக்கலையும் கொண்டுவரும். லித்தியம் பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே மின்சாரம் கொடுக்கும், ஆனால் அந்தக் குளிரில் அதைச் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகப் பாழாகும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் சார்ஜரை இணைக்காமல், பேட்டரி சூடேறும்வரை காத்திருங்கள். மருந்தில் பாதியை ஃபிரிட்ஜில் வைக்காமல் ஒரு குளிர்காப்புப் பையில் உங்கள் கைப்பையோடு எடுத்துச் செல்லுங்கள். இரவில் அதை வண்டியில் விடாமல் அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள்.